கடற்பாசி வைரஸுக்குக் கேட்குமா? ஆதாரத்தைக் கேட்போம்

நம் வட்டார உரக்கடைகளில் போய் ‘வெண்டையில வைரஸ் வந்துடுச்சு’ என்று சொல்லிப் பாருங்கள். முன்பெல்லாம் ஏதாவது ஒரு விஷ பாட்டிலை எடுத்து வைப்பார்கள். இப்போது இயற்கை விவசாயி என்று தெரிந்தால் கடற்பாசிச் சாறு வருகிறது. ‘கொரோனாவுக்கே கேட்டது சார், வெண்டைக்குக் கேட்காதா?’ என்று ஒரு பேச்சும் கூடவே வருகிறது. திருநின்றவூர், வேப்பம்பட்டு, பாக்கம் பக்கம் காய்கறி போடுகிறவர்கள் பலரும் இதைக் கேட்டிருப்பீர்கள்.

கடற்பாசிக்கு நான் எதிரி இல்லை. என் தோட்டத்திலும் அது தெளிக்கிறேன். ஆனால் வேலையில் இருந்தவரை வங்கியில் கடன் மனுக்களைப் பார்த்தவன் நான். மனுவில் ‘கிணற்றில் வருடம் முழுக்கத் தண்ணீர்’ என்று எழுதியிருக்கும். நேரில் போய்க் கயிறு விட்டுப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவோம். மனு கொடுத்தவர் நல்லவர் என்பதற்காகக் கிணற்றை அளக்காமல் விட்டதில்லை. ‘இயற்கை’ என்ற சொல் லேபிளில் இருப்பதற்காக நாம் அளக்காமல் விடுவது சரியா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

பாசிக்குள் இருப்பது என்ன?

ராமநாதபுரம் கடற்கரைப் பெண்களுக்குப் பாசி புதிதல்ல. மரிக்கொழுந்து பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடா பாசி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துப் பல்லாண்டுகளாக எடுத்து வருகிறார்கள். முதல் இரண்டிலிருந்து அகர் வருகிறது. அடுத்த இரண்டிலிருந்து அல்ஜினேட் வருகிறது. பிறகு வந்தது கப்பாஃபைகஸ். பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பாசி அது. 2000 வாக்கில் பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் வளர்க்க வைத்ததால் அந்தக் கரையில் இன்றும் அதற்குப் ‘பெப்சி பாசி’ என்றுதான் பெயர். மூங்கில் தெப்பத்தில் கட்டி 45 நாளில் அறுக்கிறார்கள். இதிலிருந்து வருவது கராஜீனன். ஐஸ்கிரீம் கெட்டியாக இருப்பதற்கும் பற்பசை குழைவாக இருப்பதற்கும் சேர்க்கிற பொருள் இது.

கராஜீனன் என்பது நீளமான சர்க்கரைச் சங்கிலி. அதில் கந்தகம் சேர்ந்த சல்பேட் தொகுதிகள் தொங்கும். அவற்றுக்கு எதிர்மின் தன்மை உண்டு. நம் உடல் செல்களின் மேற்பரப்பிலும் இதே சாயலில் சர்க்கரைச் சங்கிலிகள் இருக்கின்றன. பல வைரஸ்கள் முதலில் அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் செல்லுக்குள் நுழைகின்றன. பாசிச் சர்க்கரையை வழியில் வைத்தால் வைரஸ் செல்லுக்குப் பதிலாக இதில் போய் ஒட்டிக்கொள்ளும். பறவைக்கு வைத்த பசை மாதிரி.

இது கற்பனை இல்லை. 1958லேயே அமெரிக்க ஆய்வாளர்கள், கருவுற்ற கோழிமுட்டைக்குள் இன்ஃபுளூயன்சா பி, பொன்னுக்குவீங்கி வைரஸ்களைச் செலுத்தி, செம்பாசிச் சாறு கருவைக் காப்பதாகக் காட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஹெர்பிஸ், டெங்கு, எச்ஐவி என்று எத்தனையோ வைரஸ்களைக் கண்ணாடித் தட்டில் பாசிப் பொருட்கள் தடுத்திருக்கின்றன. ஆக, மனுவில் எழுதியிருப்பது பொய் இல்லை. கிணறு இருக்கிறது. எவ்வளவு ஆழம், எத்தனை மாதம் தண்ணீர் என்பதுதான் விசாரணை.

தட்டில் ஜெயித்தது, ஊரில் தோற்றது

எச்ஐவிக்கு எதிராகக் கண்ணாடித் தட்டில் நன்றாக வேலை செய்த கராஜீனனை வைத்துப் பெண்களுக்கான ஒரு களிம்பு தயாரித்தார்கள். தென்னாப்பிரிக்காவில் மூன்று இடங்களில் 6,202 பெண்களிடம் 2004 முதல் 2007 வரை சோதித்தார்கள். பாதிப் பேருக்கு மருந்துக் களிம்பு, பாதிப் பேருக்கு மருந்தில்லாத களிம்பு. யாருக்கு எது என்பது கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. 2008ல் முடிவு வெளிவந்தது. களிம்பால் தீங்கு இல்லை. ஆனால் எச்ஐவி தொற்று இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். சொன்னபடி தவறாமல் பயன்படுத்தியவர்கள் குறைவு என்பதும் பின்னால் தெரிந்தது. தட்டில் வைரஸும் மருந்தும் மட்டும்தான் இருந்தன. ஊரில் மனிதர்கள் இருந்தார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கொரோனா காலத்தில் அர்ஜென்டினாவில் மருத்துவமனை ஊழியர்கள் 394 பேரிடம் ஐயோட்டா வகைக் கராஜீனன் கலந்த மூக்குத் தெளிப்பானைச் சோதித்தார்கள். தினம் நான்கு முறை, 21 நாள். மருந்து அடித்த 196 பேரில் 2 பேருக்குக் கொரோனா வந்தது. வெறும் உப்புநீர் மாதிரியான தெளிப்பான் அடித்த 198 பேரில் 10 பேருக்கு வந்தது. நல்ல முடிவுதான், நம்பிக்கை தருகிறது. ஆனால் கணக்கில் வந்த நோயாளிகள் மொத்தமே 12 பேர். இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்துக்கொண்டு ‘பாசி சாப்பிட்டால் கொரோனா வராது’ என்று சொல்ல முடியாது. அவர்கள் மூக்கில் அடித்தார்கள், வயிற்றுக்குச் சாப்பிடவில்லை. அதோடு, நம் மண்டபம் கரையில் வளரும் பாசி தருவது பெரும்பாலும் கப்பா வகைக் கராஜீனன். தெளிப்பானில் இருந்தது ஐயோட்டா வகை. ஒரே குடும்பம், வேறு வேறு பிள்ளைகள்.

நம் நாட்டிலும் வேலை நடக்கிறது. 1947ல் தொடங்கி, 1949 முதல் 1971 வரை மண்டபத்தில் தலைமையகம் வைத்திருந்து, பிறகு கொச்சிக்குப் போன மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், பாசியிலிருந்து எடுத்த எதிர்ப்புச்சக்தி உணவுப் பொருள் ஒன்றை 2022ல் அறிவித்தது. கொரோனா தொற்றிய செல்களில் நல்ல பலன் தெரிந்ததாகச் சொன்னார்கள். நம் வரிப்பணத்தில் நடக்கும் இந்த ஆராய்ச்சி வரவேற்க வேண்டியது. செல்லில் கண்ட பலனை வீட்டில் கிடைத்த பலனாக நாம் படித்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

‘இயற்கைப் பொருள்’ என்ற பெயர் எங்கெல்லாம் போகிறது என்பதற்கும் ஒரு உதாரணம் இருக்கிறது. செம்பாசி ஒன்றிலிருந்து 2005ல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவன ஆய்வாளர்கள் கிரிஃபித்சின் என்ற புரதத்தைக் கண்டார்கள். மிகச் சிறிய அளவிலேயே எச்ஐவியைத் தடுக்கிறது. ஆனால் பாசியிலிருந்து வேண்டிய அளவுக்கு எடுத்துக் கட்டுப்படியாகாது. என்ன செய்தார்கள்? அந்தப் புரதத்தின் மரபணுவை, புகையிலைத் தேமல் வைரஸின் முதுகில் ஏற்றி, புகையிலை இனச் செடிக்குள் அனுப்பினார்கள். 5,000 சதுர அடி பசுமைக்குடிலில் 60 கிராமுக்கு மேல் கிடைத்தது என்று 2009ல் வெளியிட்டார்கள். விஞ்ஞானத்தில் இது பெரிய சாதனை. நாளை இது மருந்தாக வந்து, பெட்டியில் ‘கடற்பாசியிலிருந்து’ என்று போட்டிருந்தால், மரபணு மாற்றத்தை எதிர்த்து ஊர்வலம் போகும் நாம் அதை இயற்கை என்போமா, வேறு ஏதாவது என்போமா? இயற்கை என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு முடிவெடுத்தால் இப்படித்தான் நடுவழியில் நிற்போம்.

செடிக்கு மூக்கு கிடையாது

இனி வெண்டைக்கு வருவோம். மூக்கில் நுழையும் வைரஸை வாசலில் பசை வைத்துப் பிடிக்கலாம். மஞ்சள் நரம்புத் தேமல் வைரஸ் வெண்டைக்குள் வாசல் வழியாக வருவதில்லை. வெள்ளை ஈ தன் ஊசி வாயால் இலையைக் குத்தி, சாறு ஓடும் குழாய்க்குள்ளேயே அதை இறக்கிவிடுகிறது. இலைமேல் நாம் தெளித்த கரைசல் வைரஸைச் சந்திப்பதே இல்லை. மிளகாய், தக்காளி இலைச்சுருட்டுக்கும், உளுந்து மஞ்சள் தேமலுக்கும் இதே கதைதான். அங்கேயும் கொண்டு வருவது வெள்ளை ஈ. ஆக, ‘கொரோனாவுக்குக் கேட்டது, வெண்டைக்குக் கேட்காதா’ என்ற பேச்சு அடிப்படையிலேயே தப்பு.

அப்படியென்றால் செடிக்குப் பாசியால் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, வேறு வழியில். பாசிச் சர்க்கரைகள் இலையில் பட்டால் செடி அதை யாரோ தாக்க வருகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு தன் தற்காப்பைத் தட்டி எழுப்புகிறது. உலகத்தில் முதலில் அடையாளம் காணப்பட்ட வைரஸே புகையிலைத் தேமல் வைரஸ்தான். ஜப்பானிலும் சிலியிலும் ஆய்வாளர்கள் அதே வைரஸை வைத்து, அல்ஜினேட்டும் கராஜீனன் துண்டுகளும் புகையிலைச் செடியில் தொற்றைக் குறைப்பதைக் கண்டிருக்கிறார்கள். பழுப்புப் பாசியின் லாமினாரின் என்ற சர்க்கரையை ஐரோப்பிய ஒன்றியம் 2005ல் பயிர்ப் பாதுகாப்புப் பொருளாகவே ஏற்றுக்கொண்டது. அங்கே அது முக்கியமாகப் பூஞ்சண நோய்களுக்குப் பயன்படுகிறது. இதில் கவனிக்க வேண்டியது, தற்காப்பை எழுப்புவது நோய் வருவதற்கு முன்னால் செய்கிற வேலை. நரம்பு மஞ்சளான பிறகு தெளித்தால், வீடு எரிந்த பிறகு காவல்காரனை எழுப்பிய கதை.

இன்னொரு சங்கதி பாட்டிலுக்குள்ளேயே இருக்கிறது. குஜராத் பவநகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம், ஈரமான கப்பாஃபைகஸை அரைத்துச் சாற்றைத் தனியாகவும் சக்கையைத் தனியாகவும் பிரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றது. சாறு நமக்கு உரமாக வருகிறது. சக்கை கராஜீனன் ஆலைக்குப் போகிறது. வைரஸை ஒட்டிப் பிடிக்கும் பொருள் என்று உலகம் பேசுகிற அந்தக் கராஜீனனின் பெரும்பகுதி சக்கையோடு போய்விடுகிறது என்று அர்த்தம். நமக்கு வரும் சாற்றில் இருப்பது சாம்பல் சத்தும் நுண்ணூட்டங்களும் வளர்ச்சி ஊக்கிகளும். அதெல்லாம் நல்ல சரக்குதான். கடைக்காரர் பேசும் சரக்கு அது இல்லை.

லேபிளைப் படியுங்கள்

மத்திய அரசு 2021 பிப்ரவரியில் உரக் கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்தி, உயிரூக்கிகள் என்ற பிரிவைச் சேர்த்தது. கடற்பாசிச் சாறு இதில்தான் வருகிறது. பயிரின் வளர்ச்சியைத் தூண்டுவது, சத்தை எடுக்க உதவுவது, வறட்சி போன்ற நெருக்கடியைத் தாங்க வைப்பது ஆகியவைதான் உயிரூக்கியின் வேலை என்று ஆணை சொல்கிறது. 1968ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டத்தின் கீழ் வரும் பொருட்கள் இதில் சேராது என்றும் தெளிவாகச் சொல்கிறது. ஆகவே உயிரூக்கி என்று பதிவு செய்த பாட்டிலை ‘வைரஸை அழிக்கும்’ என்று சொல்லி விற்பதற்கு இந்தப் பதிவில் இடமில்லை. விவரம் தெரிந்த கம்பெனிகள் லேபிளில் அப்படி அச்சடிப்பதும் இல்லை. அந்த வாக்கியம் கடைக்காரர் வாயிலும் செல்போன் வீடியோவிலும்தான் இருக்கும். அடுத்த முறை ‘அண்ணே, இதை லேபிள்ல காட்டுங்க’ என்று கேளுங்கள். பணிவாகக் கேட்டாலே போதும்.

இயற்கை விவசாயிக்கு இதில் என்ன நஷ்டம் என்று சிலர் கேட்கலாம். பாட்டில் விலை ஒரு நஷ்டம். அதைவிடப் பெரியது நாள் நஷ்டம். வெண்டையில் முளைத்த சில வாரங்களுக்குள் தேமல் வந்தால் காய் அநேகமாகக் கிடையாது. எவ்வளவு தாமதமாக வருகிறதோ அவ்வளவுக்கு நஷ்டம் குறையும். முதல் மஞ்சள் செடியைப் பார்த்தவுடன் பிடுங்கியிருக்க வேண்டிய நாளில் நாம் பாட்டிலை நம்பித் தெளித்துக்கொண்டு பத்து நாள் காத்திருந்தால், அந்தச் செடியிலிருந்து வெள்ளை ஈ கொல்லை முழுக்கப் பரப்பிவிடும். மூன்றாவது நஷ்டம் இயக்கத்துக்கு. நாம் சொல்கிற ஒன்று பொய்த்தால், சொல்கிற பத்தையும் சேர்த்துச் சிரிக்க ஆள் இருக்கிறார்கள்.

என் பாத்தியில் பார்த்தது

போன பட்டத்தில் பன்னிரண்டு சென்ட் வெண்டையில் எட்டு பாத்தி. ஒன்று விட்டு ஒன்றாக நாலு பாத்திக்குப் பாசிச் சாறு, மற்ற நாலுக்குப் பச்சைத் தண்ணீர். அதே டேங்க், அதே நாள், பதினைந்து நாளுக்கு ஒரு முறை. மஞ்சள் விழுந்த செடிகளை வாரம் ஒரு முறை எண்ணி நோட்டில் எழுதினேன். பாசி தெளித்த பக்கம் இலை கரும்பச்சை, செடி கொஞ்சம் தடிப்பு, ஒரு பறிப்பு கூடக் கிடைத்தது. மஞ்சள் செடி எண்ணிக்கையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஒரு கொல்லை, ஒரு பட்டம், இதை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் கடைக்காரர் பேச்சைவிட இந்த நோட்டுக்கு மதிப்பு உண்டு.

வைரஸுக்கு இன்றுவரை நமக்குக் கைகொடுப்பது பழைய வேலைகள்தான். தாங்கும் ரகம் பார்த்து விதைப்பது, உளுந்துக்கு வம்பன் 8 மாதிரி. சுற்றிலும் இரண்டு வரிசை மக்காச்சோளமோ சோளமோ வேலிப்பயிராக வைப்பது. மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுவது. வெள்ளை ஈ தலை காட்டும்போதே வேப்பங்கொட்டைக் கரைசல் அடிப்பது. தேமல் விழுந்த செடியைத் தயங்காமல் பிடுங்கிக் கொல்லைக்கு வெளியே போடுவது. வரப்பில் வைரஸைத் தாங்கி நிற்கும் களையை எடுப்பது. இதோடு பாசிச் சாற்றைச் செடிக்குத் தெம்புக்காகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பஞ்சகவ்யா கொடுக்கிற இடத்தில் அதுவும் ஒன்று. மருத்துவர் வேலையை அதனிடம் கொடுக்காதீர்கள். மனிதருக்கும் இதையேதான் சொல்வேன். காய்ச்சல் வந்தால் பாசி மாத்திரை வாங்கி வைத்துக்கொண்டு உட்காராமல் மருத்துவரைப் பாருங்கள்.

கடலுக்கும் கணக்கு உண்டு

‘வைரஸ் மருந்து’ என்று பேர் வந்துவிட்டால் பாசிக்குத் தேவை ஏறும். ஏறினால் யார் தலையில் விழும்? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே குருசடைத் தீவில் வெளியூர்ப் பாசியான கப்பாஃபைகஸ் பவளத்தின்மேல் படர்ந்து மூடுவதை 2008லேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். இன்னொரு பக்கம், தலைமுறையாக இயற்கைப் பாசி எடுத்த பெண்களுக்குத் தீவுப் பக்கம் போகவே தடை. பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி என்ற பாசி எடுக்கும் பெண் அந்தப் பெண்களைத் திரட்டினார். மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது என்று அவர்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். 2015ல் அவருக்கு அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. அறுவடைக்குத் தானாக எல்லை போட்டவர்கள் அந்தப் பெண்கள். அவர்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்று எடுத்த பொருளுக்கு நாம் பொய்யான ஒரு வேலையைச் சுமத்தி விலை ஏற்றினால், அந்த விலை அவர்கள் கைக்குப் போகாது. 2023ல் ராமநாதபுரம் வலமாவூரில் சுமார் 127 கோடி ரூபாயில் பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினார்கள். அதில் பங்கும் விலை நிர்ணயமும் அவர்களுக்கு உண்டா என்று கேட்பது மருதம், நெய்தல் என்று பிரிந்து நிற்காமல் நாமும் கேட்க வேண்டிய கேள்வி.

நாம் செய்ய வேண்டியது

ஆதாரம் கேட்பது இயற்கை விவசாயத்துக்கு எதிரானது என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. வேம்பை நினைத்துப் பாருங்கள். வேப்ப எண்ணெய்ப் பூஞ்சணக்கொல்லிக்கு ஐரோப்பாவில் கொடுத்த காப்புரிமையை 2000ல் ரத்து செய்ய வைத்தோம். 2005ல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தோம். வேம்பு எங்கள் பாட்டி சொத்து என்று சொன்னதால் மட்டும் அது நடக்கவில்லை. முன்பே இந்தியாவில் செய்து பார்த்ததற்கான சாட்சியம் அங்கே வைக்கப்பட்டது. ஆதாரம் நம் பக்கம் பேசும்போது அதைப்போல வலுவான ஆயுதம் இல்லை.

எங்கள் ஊர் பூசலார் நாயனாரின் ஊர். பொருள் கிடைக்காமல் மனசுக்குள்ளேயே கோயில் கட்டி முடித்தவர். பக்திக்கு அது சரி. பயிருக்கு மனக்கணக்கு ஆகாது, பாத்தியில் எண்ணித்தான் ஆக வேண்டும்.

அதனால் இரண்டு கோரிக்கை. ஒன்று அரசுக்கு. வேளாண் பல்கலைக்கழகமும், நம் மாவட்டத்துக்குத் திரூரில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையமும், சந்தையில் விற்கும் பாசிச் சாறுகளை வெண்டை, மிளகாய், உளுந்து வைரஸ் நோய்களில் விவசாயி நிலத்திலேயே சோதித்து, கேட்டாலும் கேட்காவிட்டாலும் முடிவைத் தமிழில் வெளியிட வேண்டும்.

இன்னொன்று உங்களுக்கு. இந்தப் பட்டத்தில் வெண்டையோ மிளகாயோ போடுகிறவர்கள் நாலு பாத்திக்குத் தெளியுங்கள், நாலு பாத்தியைத் தண்ணீரோடு விடுங்கள். எந்தப் பாசி, எத்தனை மில்லி, எந்தத் தேதி, எத்தனை செடி மஞ்சள் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுங்கள். அறுவடை முடிந்ததும் வட்டாரக் கூட்டத்துக்கு அந்த நோட்டோடு வாருங்கள். ஐம்பது நோட்டு சேர்ந்தால், அடுத்த வருடம் கடைக்காரர் பேசும்போது நம்மிடமும் பேச ஒன்று இருக்கும்.